கேன் தண்ணி

இருதயம் பலவீனமாகிவிட்டது, ரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறுகிறது என்று டாக்டரம்மா சொன்னார். பாதி ஆயுள் ஹார்பருக்கு டிரெய்லர் ஓட்டியவன் நான். எந்த மேட்டிலும் என் வண்டி நின்றதில்லை. என் இருதயம்தான் நடுவழியில் மக்கர் பண்ணிவிட்டது.

"ஸ்டீரிங்க மறந்துடு உசேன் பாய்" என்றார் லாரி முதலாளி ஜெயவேல். "எர்ணாவூர் கண்டெய்னர் யார்டுல கேட்டாண்ட நாற்காலில குந்திகினு வண்டி நம்பர் பாரு. ஆனா காலு வீக்கம் வடிஞ்சி, டாக்டரு சரின்னாத்தான்." அந்த நாற்காலியை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு இல்லை.

டாக்டரம்மா இரண்டே விஷயம் சொன்னார். "உப்பைக் குறைங்க. தண்ணியும் குறைச்சுக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. "அல்லா மேல ஆணை, மோந்து பார்த்ததுகூட கெடியாது!" என்றேன். அதற்குள் அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

உப்பு விஷயத்தில் நான் சுத்தம். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றுக்கும் சலாம் போட்டுவிட்டேன். உப்பில்லாத சோறுதான் தொண்டையில் இறங்க மறுத்தது. இறக்குவதற்குச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தேன். நடுவில் மோர், ரசம், டீ. தண்ணி போடாதவனைத் தண்ணீர் என்ன செய்துவிடும்?

சில நாளிலேயே கால் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. மாடிப்படியில் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். "உப்புதான் இல்லியே, அப்பறம் இன்னாத்துக்கு வீங்குது?" என்று தலையில் அடித்துக்கொண்டே என் மனைவி ரஹீமுன்னிசா ஆட்டோ பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஜெனி எடை பார்த்தாள்; ஏறியிருந்தது. "இன்னா பாய், தண்ணிய கொறைக்கலியா?"

"அந்தப் பழக்கமே கெடியாதும்மா!"

"ஐய, குடிக்கிற தண்ணி பாய்!"

"நானும் அதத்தான் சொல்றேன். குடிக்கிறதே கெடியாது."

ஜெனி ரஹீமுன்னிசாவைப் பார்த்தாள். ரஹீமுன்னிசா என்னைப் பார்த்தாள்.

"கேன் தண்ணி பாய்!" என்று கத்தினாள் ஜெனி. "வூட்ல கொடத்துல ஊத்தி வெச்சிகீதே, அது! மோரு, ரசம், டீ, கஞ்சி அல்லாம் அந்தக் கணக்குதான்!"

வார்டே சிரித்தது. நீர் பிரிய ஊசி போட்டுக்கொண்டு நானும் சிரித்துவைத்தேன்.

வீடு திரும்பியதும் டாக்டரம்மா சொன்ன அளவை ரஹீமுன்னிசா பாட்டிலில் பிடித்து வைத்தாள். நான் டீ குடித்தால் அந்த அளவுக்குப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுவாள். சோற்றுக்குப் பூண்டும் மிளகும் எலுமிச்சையும் ருசி கொடுத்தன. பாட்டில் விஷயத்தில் அவ்வளவு கறார்; கண்டெய்னருக்குச் சீல் வைப்பவன்கூட அவளிடம் பாடம் கேட்க வேண்டும்.

கால் வடிந்தது. உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்னதும் ஜெயவேலுக்குப் போன் போட்டேன்.

"மொதலாளி, டாக்டரு சரின்ட்டாங்க. காலு வடிஞ்சிடுச்சி."

"எப்டி பாய்?"

"தண்ணிய கொறச்சிட்டேன்."



"அடப்பாவி! இத்தினி வருசமா போட்டுகினா என் வண்டிய ஓட்டுன?"

"ஐயோ, அது கேன் தண்ணி மொதலாளி!"

"கேன் கேனாவா?"

புரியவைப்பதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. சிரித்து முடித்தபிறகுதான் நாற்காலியைக் கொடுத்தார். யார்டில் இப்போது என் பெயர் கேன் பாய். வெயிலில் யாராவது தண்ணீரை நீட்டினால், "வுட்டுட்டேம்பா" என்கிறேன்.