அண்ணன் கேட்ட சூடு

எனக்கும் அண்ணனுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் அவனுடைய ஐந்து மாடி அலுவலகக் கட்டடம், இந்தப் பக்கம் என் சலவைக்கூடம். அப்பா நிலத்தைப் பிரித்த நாளிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. என் பாய்லர் சூட்டில் அவன் சுவர் வெடிக்கிறதாம். நகராட்சியில் புகார்மேல் புகார்.

அப்பேர்ப்பட்டவன் ஒருநாள் தன் இன்ஜினியரை அனுப்பினான். என் புகைபோக்கியில் வீணாகப் போகும் சூட்டைக் குழாய் வழியாக வாங்கித் தண்ணீர் காய்ச்சினால், மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற கட்டடத்துக்குத் தரும் பசுமைக் கட்டடச் சான்றிதழ் கிடைத்துவிடுமாம். அது இருந்தால்தான் பெரிய கம்பெனி குடிவருமாம். சுவரைப் பிளந்த சூடு இப்போது இனிக்கிறது! புகாரை வாபஸ் வாங்கினால் தருகிறேன் என்றேன். கூடத்தை மூடினால் எனக்கும் இங்கே துவைக்கிற பெண்களுக்கும் சோறு இல்லை. வாங்கியாயிற்று என்று இன்ஜினியர் சத்தியம் செய்தார். நம்பிச் சுவரில் துளை போட விட்டேன், புத்தி கெட்டவன்.

சான்றிதழுக்காக அவன் கட்டடத்தைச் சோதிக்க ஓர் அம்மாள் வந்த அன்று காலை, ஆஸ்பத்திரி விரிப்புகள் இயந்திரத்தில் உருண்டுகொண்டிருந்தபோது நகராட்சி ஜீப் வந்து நின்றது. பாய்லரை அணைக்கச் சொல்லி, அதன் அறைக் கதவைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். புகாரைத்தான் வாபஸ் வாங்கியாயிற்றே என்றேன். அதிகாரி எரிந்து விழுந்தார்.

"வாபஸா? அடுத்த வாரம் மூடணும், மறந்துடாதீங்கன்னு உங்க அண்ணன் தினம் போன் போட்டு உயிரை எடுக்கிறார். தொல்லை தாங்காம இன்னைக்கே வந்துட்டோம்."

காரியம் ஆகும்வரை தம்பி, ஆனபின் பூட்டு. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

ஜீப் போன கொஞ்ச நேரத்தில் அண்ணனே வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான். இத்தனை வருடத்தில் என் வாசல் மிதித்தது அதுதான் முதல் தடவை.

"குழாய் ஜில்லுனு இருக்குடா. கொஞ்ச நேரம் மட்டும் பத்த வை."

கதவைக் காட்டினேன்.

"சீலை நீயே உடை. கேட்டு வாங்கினது நீதானே."

அதற்குள் சோதிக்க வந்த அம்மாளும் பின்னாலேயே வந்துவிட்டார். பூட்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இந்தச் சூடு எப்பவும் கிடைக்குமா?"

"அண்ணனைக் கேளுங்க," என்றேன்.

நிலையில்லாத சூட்டுக்குச் சான்றிதழ் கிடையாது என்று சொல்லி, அந்த அம்மாள் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். துவைக்கிற பெண்கள் நனைந்த விரிப்புகளைக் கையால் பிழிந்துகொண்டே அழுதார்கள். பிழைப்பு போயிற்றே என்று நானும் அவர்களோடு சேர்ந்து பிழிந்தேன். ஆனால் அவன் அங்கே திருதிருவென்று விழித்தபடி நின்றதைப் பார்த்தபோது என் வயிறு குளிர்ந்தது. அதை மறைக்க மாட்டேன்.