ஹார்லன் அணி விலகவில்லை

சனிக்கிழமை காலை, தகுதிச் சுற்று தொடங்குவதற்கு முன்னால், அணியின் மெக்கானிக் கொறற்றி பந்தயக் காரின் பின்பக்கத்தில் குனிந்து நின்றபோதுதான் ஃபெல்க்னர் வந்தார். அணியில் பெரும்பங்கு வைத்திருந்த முதலீட்டு நிறுவனத்தின் மேலாளர் அவர். பளபளக்கும் சப்பாத்து, கையில் காப்பிக் கோப்பை. பந்தய மைதானத்தில் எண்ணெய் படாத சப்பாத்தோடு நடப்பவர்களைக் கொறற்றி எப்போதுமே நம்புவதில்லை.

"காரை மூடிவிடுங்கள். அது இன்றைக்கும் ஓடாது, நாளைக்கும் ஓடாது," என்றார் அவர் ஜெர்மனில்.

கொறற்றி நிமிர்ந்தாள். "என்ன பழுது?"

"பழுது எதுவும் இல்லை. நேற்று ஒப்பந்தம் முடிந்துவிட்டது. கார் ஒரு அருங்காட்சியகத்துக்குப் போகிறது. ஒரு சிராய்ப்புக்கூட இல்லாமல் கேட்கிறார்கள். ஹார்லன் அணியின் ஐம்பது வருட வரலாற்றைக் கண்ணாடிக்குள் வைக்கப்போகிறார்கள். நல்ல முடிவுதானே?" பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அடுத்த வருடம் நாங்கள் தொடங்கும் புதிய அணிக்கு நீங்கள்தான் தலைமை மெக்கானிக். அதை நான் மறக்கவில்லை. நீங்களும் மறக்க வேண்டாம்."

அவர் போன பிறகும் கொறற்றி அதே இடத்தில் நின்றாள். வெளியே மற்ற அணிகளின் இன்ஜின்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமத் தொடங்கியிருந்தன. கிழக்கு ஜெர்மனியின் பழைய நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நடுவே கட்டிய நீள்வட்டப் பாதை அது. அங்கே ஒரு இன்ஜின் உறுமினால் நெஞ்செலும்பு அதிரும்.

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் சோளக்காட்டு ஊர் ஒன்றில் டிராக்டர் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர் ரோய் ஹார்லன். சக்கரங்கள் வெளியே தெரியும் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றைத் தன் பன்றிக் கொட்டிலில் வைத்துத் தானே ஒட்டுப்போட்டுக் கட்டினார். முதல் தடவை அதைப் பந்தயத்துக்குக் கொண்டுபோனபோது, இது பன்றி நாறுகிறது என்று காரைப் பரிசோதிக்கும் சோதகர்கள் சிரித்துத் திருப்பி அனுப்பினார்கள். மறுவருடம் அதே காரோடு போய் நின்றார். கடைசி வரிசையில் இடம் கொடுத்தார்கள். கடைசி வரிசையிலிருந்து புறப்பட்டு ஓடி முடித்தார். அணியின் வரலாறு அங்கேதான் தொடங்கியது. பிறகு வெற்றிகளும் வந்தன, ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். அமெரிக்கப் பந்தயச் சங்கம் இரண்டாகப் பிளந்தபோது விளம்பரதாரர்கள் எல்லோரும் பெரிய அணிகளின் பின்னால் போய்விட்டார்கள். ரோய் ஒரு விளம்பரமும் இல்லாத வெறும் கறுப்புக் காரை ஓடவிட்டார். ஓடக்கூடிய காரை ஒருநாளும் விலக்கிக்கொள்வதில்லை என்பது அவர் வைத்திருந்த ஒரே சட்டம். அவர் இறந்த பிறகு, பெரிய அணிகளுக்கு மட்டும் நிரந்தர இடம் என்று அங்கே புது விதி வந்தது. அவருடைய மகள் லோயிஸ், எழுபது வயதில், அணியையே கப்பலில் ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவில் புதிதாகத் தொடங்கிய தொடருக்கு வந்து இறங்கினாள்.

அந்த முதல் வருடத்தில்தான் கொறற்றி லோயிஸைச் சந்தித்தாள். கைக்குழந்தையாக யாழ்ப்பாணத்து இளவாலையிலிருந்து வந்து ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் வளர்ந்தவள் கொறற்றி. Ausbildung என்ற தொழிற்பயிற்சியை முடித்து லொறிகளின் கியர்பெட்டிகளைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தவளுக்குப் பந்தய அணியில் வேலை செய்ய ஆசை. ஓர் அணி அவளிடம், விருந்தினர்களை வரவேற்கும் மேசையில் நிற்க முடியுமா என்று கேட்டது. இன்னொரு அணி பதிலே போடவில்லை. கடைசியில் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையில் இந்த அமெரிக்கர்களின் கூடாரத்துக்குள் நேராக நுழைந்து, தனக்கு என்ன தெரியும் என்று சொன்னாள். லோயிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்களையும் இப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள். திங்கட்கிழமை வா," என்றாள்.

இப்போது லோயிஸ் கூடாரத்தின் பின்பக்கம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளிடமும் சொல்லியிருந்தார்கள். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"கார் அவர்களுடையது. பட்டறையும் அவர்களுடையது. நான்தான் விற்றேன். அப்பாவின் பெயரை மட்டும் விற்கவில்லை. பந்தய உரிமமும் என் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் கார் இல்லாத உரிமத்தை வைத்து என்ன செய்வது?"

கொறற்றி வெளியே வந்தாள். கைபேசியை எடுத்துக் கணவன் ரஜிதனை அழைத்தாள். அவன் கெல்சென்கிர்ச்சனில் ட்ராம் ஓட்டுபவன்.

"என்னப்பா, குரல் ஒருமாதிரி இருக்கு?"

"காரை ஓடவேண்டாமாம். மியூசியத்துக்குக் குடுக்கினமாம்."

"ஆர் சொன்னது?"

"ஃபெல்க்னர். பேசாமல் இருந்தால் எனக்குத் தலைமை மெக்கானிக் வேலை."

"நீர் என்ன சொன்னனீர்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"அந்த வேலைக்கு எத்தினை வருசமாய் ஆசைப்பட்டனீர் எண்டு எனக்குத் தெரியும். எடுத்தாலும் நான் ஒண்டும் சொல்லன்."

"அதுதானப்பா கரைச்சல். எடுத்தால் நல்லாய்த்தான் இருக்கும். ஆனா இண்டைக்கு இந்தக் காருக்குப் படங்கு போட்டு மூடுறது என்ரை கையாலை ஏலாது."

"அப்ப போடாதையும்," என்றான் ரஜிதன். அவ்வளவுதான்.

கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டுத் திரும்பியபோது, விருந்தினர் வாசலில் ஒரு தகப்பன் தன் மகளைத் தூக்கி ஒரு காருக்குள் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஹார்லன் அணியின் போன வருடத்துக் கார். ஓட்டத்திலிருந்து நிறுத்திக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். கொறற்றி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஓடினாள்.

"பார்கவி! வாசல்லை நிக்கிற பழைய கார் ஆற்றை?"

பார்கவி அணியின் கணினிப் பொறியாளர். கோயம்புத்தூர்க்காரி, டார்ம்ஸ்டாட்டில் படித்தவள். கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "லோயிஸ் மேடத்தோடதுக்கா. கம்பெனி வேணாம்னுடுச்சு, பழசுன்னு. ஏன்?" என்றாள். கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது. "அக்கா! அதுல இன்ஜின் இருக்கு. ஆனா கியர்பாக்ஸ் வெறும் கூடுக்கா. உள்ள ஒண்ணுமே கிடையாது."

"கியர்பொக்ஸ் என்ரை பாடு. நீ விதியைப் பார். தகுதிச் சுற்று ஓடாத கார் நாளைக்குப் புறப்பட ஏலுமோ?"

பார்கவி தேடினாள். "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள இன்ஸ்பெக்ஷன் பாஸ் ஆகணும். நாளைக்குக் காலைல வார்ம்-அப்ல ஓடிக் காட்டணும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணலாம்." அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "கடைசி வரிசையிலேர்ந்து."

லோயிஸிடம் சொன்னபோது அவள் எழுந்து நின்றாள். நாற்காலியை மடக்கி ஓரமாகச் சாத்திவிட்டு, சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டாள்.

கியர்பெட்டிக்குக் கொறற்றி பக்கத்துக் கூடாரத்துக்குப் போனாள். அது ஆஸ்திரியக்காரர்களின் அணி. அந்த வருடம் முழுவதும் ஹார்லன் அணியோடு முட்டிக்கொண்டவர்கள். அவர்களுடைய தலைவர், காது கேளாதவர்போலக் கத்திப் பேசும் ஒரு பருத்த மனிதர், முழுவதையும் கேட்டுவிட்டுத் தாடியைச் சொறிந்தார்.

"எங்களிடம் உள்ளது பழைய உதிரிப்பெட்டி. ஐந்தாம் கியரை நான் நம்பமாட்டேன்."

"நான் பார்த்துக்கொள்கிறேன்."

"எடுத்துக்கொண்டு போ. கார்களைக் கண்ணாடிக்குள் அடைக்கத் தொடங்கினால் நாளைக்கு நாங்கள் யாரோடு சண்டை போடுவது?"

அன்று பகல் முழுவதும் அவர்கள் வெட்டவெளியில், எல்லோரும் பார்க்க, வேலை செய்தார்கள். நிறுவனத்தின் கூடாரத்துக்குள் வேலை செய்ய ஃபெல்க்னர் விடவில்லை. நிறுவனத்தின் கருவிகளையும் தொடக்கூடாது என்றார். சுற்றியிருந்த அணிகளிலிருந்து திருகுசாவிகளும் தூக்கிகளும் தாமாகவே வந்து சேர்ந்தன. மூன்று மெக்கானிக்குகள் ஃபெல்க்னரின் பக்கமே நின்றுவிட்டார்கள். கொறற்றி அவர்களைக் குறைசொல்லவில்லை. எல்லோருக்கும் வீடு இருக்கிறது. மீதி நான்கு பேர் அவளோடு வந்தார்கள்.

மத்தியானம் அணியின் ஓட்டுநரான நிக்லாஸ் வந்தான். விற்றுப்போன காரின் இருக்கையைப் பிடுங்கி இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு வந்தான். பின்னாலேயே ஃபெல்க்னர்.

"அது காரின் பகுதி," என்றார் ஃபெல்க்னர்.

"இது என் முதுகின் அச்சில் வார்த்தது. நான் கொண்டுவந்த இருக்கை. உங்கள் அருங்காட்சியகத்தில் இதில் யார் உட்காரப்போகிறார்கள்?" என்றான் நிக்லாஸ்.

ஃபெல்க்னர் கொறற்றியின் பக்கம் திரும்பினார். அவள் கியர்பெட்டியின் உள்ளே கை விட்டிருந்தாள், முழங்கைவரை எண்ணெய்.

"யோசித்துப் பாருங்கள். நாளைக்கு இந்தப் பழைய இரும்பு பாதையில் நின்றுவிட்டால், ஹார்லன் என்றதும் உலகம் அதைத்தான் நினைக்கும். நான் இந்த அணியின் பெயரைக் காப்பாற்றப் பார்க்கிறேன்."

கொறற்றி கையை வெளியே எடுத்தாள். "ஃபெல்க்னர் அவர்களே, இந்த அணி நிறையத் தடவை பாதையில் நின்றிருக்கிறது. தீப்பிடித்திருக்கிறது. சக்கரம் கழன்று ஓடியிருக்கிறது. அதுவும் வரலாறுதான். கார் ஓடும் நிலையில் இருக்கும்போது ஓடாமல் இருந்தது மட்டும் கிடையாது. அதை என் கையால் தொடங்கிவைக்க மாட்டேன்."

"அப்படியானால் புதிய அணியில் உங்களுக்கு இடம் இல்லை."

"சரி," என்றாள் அவள். பல வருட ஆசை. மறுபடியும் கியர்பெட்டிக்குள் கையை விட்டாள்.

சோதகர்கள் மாலையில் வந்து காரைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்கள், அளந்தார்கள், ஒரு பிடிமானத்தை மாற்றச் சொன்னார்கள். மாற்றியதும் முத்திரை ஒட்டினார்கள். ஞாயிறு காலை, கார் மூன்று சுற்று ஓடிக் காட்டியது. பிற்பகல் அது கடைசி வரிசையில் தனியாக நின்றது. விளம்பரம் ஒட்ட யாரும் இல்லாததால் வெறும் கறுப்பாகவே நின்றது. லோயிஸ் அதைப் பார்த்துவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

பந்தயத்தின் முதல் பாதியில் நிக்லாஸ் ஒவ்வொருவராகத் தாண்டினான். பழைய கார்தான், நேர்ப்பாதையில் மற்றவற்றின் வேகம் இல்லை. ஆனால் வளைவில் அவன் சுவரை உரசுவதுபோலப் போனான். பதினான்காம் இடத்துக்கு வந்தபோது பார்கவி திரையைத் தட்டினாள்.

"அக்கா, கியர் மாறலை. ஆறுலயே லாக் ஆயிடுச்சு."

ஆஸ்திரியக்காரர் சொன்ன பெட்டி. ஐந்தாம் கியர் நொறுங்கி, மாற்றும் தண்டை இறுக்கியிருக்கும். நீள்வட்டப் பாதையில் ஆறாம் கியரிலேயே சுற்றிக்கொண்டிருக்கலாம், அதில் சிக்கல் இல்லை. ஆனால் எரிபொருளுக்கு ஒருமுறை நின்றாக வேண்டும். நின்றால், ஆறாம் கியரில் திரும்பவும் புறப்படுவது மலையைத் தள்ளுவதுபோல.

லோயிஸ் காதுக்கருவியைக் கழற்றினாள். "கொறற்றி. ஓடுமா?"

"ஓடும். நாங்கள் தள்ளினால்."

"அப்படியானால் உள்ளே கூப்பிடு."

கார் உள்ளே வந்து நின்றது. எரிபொருள் நிரம்பியது, டயர்கள் மாறின. "தள்ளுங்கோ!" என்று கொறற்றி தமிழில் கத்தினாள். அங்கிருந்த ஜெர்மன்காரனுக்கும் போலந்துக்காரனுக்கும் அது எப்படியோ விளங்கியது. கொறற்றியோடு சேர்த்து நான்கு பேர் பின்னிறக்கையில் தோளைக் கொடுத்தார்கள். பார்கவி தலையில் மாட்டியிருந்த கருவியோடு ஓடிவந்து ஐந்தாவது ஆளானாள். கிளச் புகைந்தது. இன்ஜின் இருமி, மூச்சு முட்டி, அணையப்போய், பிடித்துக்கொண்டது. கார் அவர்களுடைய கைகளிலிருந்து கழன்று ஓடியபோது கொறற்றி முழங்காலில் விழுந்தாள். எதிர்ச் சுவரோரம் நின்ற ஆஸ்திரியர்கள் கைதட்டினார்கள்.

நிறுத்தத்தில் இழந்த இடங்களில் சிலவற்றை மட்டும் நிக்லாஸ் மீட்டான். பதினேழாவதாக முடித்தான். முதலிடம் வந்தவன் மேடையில் ஷாம்பெயின் தெளித்துக்கொண்டிருந்த நேரத்தில், கறுப்புக் கார் கிளச் தீய்ந்த மணத்தோடு உருண்டு வந்து நின்றது. லோயிஸ் அதன் மூக்கில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பாவுக்கு இது பிடித்திருக்கும்," என்றாள். "பிடித்தது என்று சொல்லியிருக்க மாட்டார். கியர்பெட்டிக்காக உன்னைத் திட்டியிருப்பார்."

"திட்ட வேண்டியதுதான்," என்றாள் கொறற்றி. இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நிற்கக் கொஞ்சநேரம் பிடித்தது.

மறுவாரம் நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஐம்பது வருடங்களுக்குப் பிறகு ஹார்லன் அணி தன் பயணத்தைப் பெருமையோடு நிறைவுசெய்கிறது என்று அதில் இருந்தது. கொறற்றி அதை ட்ராமில், ரஜிதனின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தாள். அப்போது அவளுக்கு வேலை இல்லை.

குளிர்காலம் கடினமாகத்தான் போனது. காலையில் லொறிப் பட்டறை ஒன்றில் பாதிநேர வேலை. பிற்பகலில், கெல்சென்கிர்ச்சனில் மூடிய சுரங்கம் ஒன்றின் பழைய கூடத்தில், லோயிஸோடும் கறுப்புக் காரோடும். கூரை ஒழுகியது. வெள்ளிக்கிழமைகளில் பார்கவி டார்ம்ஸ்டாட்டிலிருந்து ரயிலில் வந்து இறங்குவாள். வசந்தகாலப் பந்தயத்துக்கு லோயிஸ் பெயர் கொடுத்தாள். தலைமை மெக்கானிக் என்ற இடத்தில் கொறற்றியின் பெயர் இருந்தது. சம்பளம் என்று எதுவும் இல்லாத தலைமை.

மார்ச் மாதத்தில் முதல் தடவையாக இன்ஜினை முடுக்கினார்கள். சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டிருக்க வேண்டும். சிறிது நேரத்தில் நகராட்சி அலுவலர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"இங்கே என்ன நடக்கிறது? எந்த நிறுவனம்?"

"ஹார்லன் அணி. இண்டியானாவிலிருந்து," என்றாள் கொறற்றி.

அவர் பந்தயம் பார்ப்பவர்போல. புருவத்தை உயர்த்தினார். "அது மூடிவிட்டதாக வாசித்தேனே."

"எழுதினவர்கள் எங்களைக் கேட்கவில்லை."

அவர் காரைப் பார்த்தார். சத்தத்துக்கு அனுமதி வேண்டும், Antrag என்ற விண்ணப்பம் போட வேண்டும், அதற்கு Termin என்ற சந்திப்பு நேரம் எடுக்க வேண்டும் என்று நீளமாகச் சொன்னார். கொறற்றி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் அவர், "ஓடுமா இது?" என்று கேட்டார்.

கொறற்றி பார்கவிக்குக் கையைக் காட்டினாள். பார்கவி இன்ஜினை முடுக்கினாள்.