இடது கால்

பெரியவர் செத்ததில் பீரங்கியின் பிழைப்பில் மண் விழுந்தது என்று கட்சி அலுவலகத்தில் கேலி பேசினார்கள். பேசியவர்கள் எல்லாம் அவனைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவர்கள்தான்.

பீரங்கி என்பது அந்தக் கட்சியின் மேடைப் பேச்சாளனுக்கு ஜனங்கள் வைத்த பெயர். கொள்கை, திட்டம் என்று அவன் ஆரம்பித்தால் கூட்டம் டீ குடிக்கப் போய்விடும். எதிர்க்கட்சித் தலைவரான பெரியவரைப் போல நொண்டிக் காட்டினால் போதும், போனவர்கள் பாதி டீயோடு ஓடி வருவார்கள். பெரியவருக்குச் சின்ன வயதில் விபத்தில் அடிபட்ட கால். அந்தக் காலை வைத்துத்தான் பீரங்கி வீடு கட்டினான், மகளைப் படிக்க வைத்தான். வெட்கப்பட்டானா என்றால் இல்லை. வெட்கம் பார்க்கிறவன் மைக் பக்கம் போவானா?

ஒரே ஒரு நாள் மட்டும் ஆள் கொஞ்சம் ஆடிப்போனான். ஆஸ்பத்திரியில் மனைவியை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். தன் தலைவருக்குப் போன் மேல் போன் போட்டான், எடுக்க நாதியில்லை. வேறு யாரையோ பார்க்க வந்த பெரியவர், நடைபாதையில் அவனைக் கண்டதும் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பீரங்கியின் முகத்தில் ஈயாடவில்லை.

"சாப்டீங்களா தம்பி?"

"இல்லீங்க."

கூட வந்தவரை அனுப்பி ரொட்டியும் டீயும் வரவழைத்தார். டாக்டர் வெளியே வந்து பயமில்லை என்று சொல்லும்வரை அவர் எழுந்திருக்கவே இல்லை. கிளம்பும்போது அவன் தோளைத் தட்டினார்.

"உங்க பேச்சை டிவியில பார்ப்பேன். என் சம்சாரம் திட்டுவா, நான் சிரிப்பேன். ஒரே ஒரு தப்புதான் பண்றீங்க. எனக்கு இடது கால். நீங்க வலதை இழுக்கறீங்க."

அடுத்த கூட்டத்திலும் பீரங்கி நொண்டினான். ஆனால் வலது காலைத்தான் இழுத்தான், தெரிந்தே இழுத்தான். இது அவர் இல்லை, வேறு யாரோ என்று மனசுக்கு ஒரு சமாதானம். அவன் காட்டிய நன்றி அவ்வளவுதான். அதையே பெரிய தியாகமாக நினைத்துக்கொண்டிருந்தான், பாவி.

எல்லாக் கட்சிகளும் சேர்ந்து நடத்திய இரங்கல் கூட்டத்துக்கு அவன் தலைவர் போகவில்லை. தொண்டை கட்டியிருக்கிறதாம். "நீயே போய்ப் பேசு. அவரை உன்னைவிட நல்லா தெரிஞ்சவன் யாரு?" என்று சொல்லிவிட்டு, கட்டிய தொண்டையோடு சிரித்தார்.

வாசலில் மனைவி நிறுத்தினாள். "அன்னிக்கு அவர் உங்ககூட உட்கார்ந்ததை அவர் சம்சாரம் எதிர்ல சொல்லுங்க. மன்னிப்பு கேளுங்க. இறங்கிடுங்க. வேற எதுவும் வேணாம்."

"சத்தியமா அதைத்தான் செய்யப்போறேன்," என்றான். அந்த நிமிஷம் அது உண்மையும்தான்.

அரங்கில் நிற்க இடமில்லை. முன்வரிசை நடுவில் பெரியவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். பீரங்கி மைக்கைப் பிடித்து, "பெரியவர்..." என்றான். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"பெரியவர் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தாரு." அவ்வளவுதான், பத்துப் பேர் சிரித்தார்கள். இத்தனை வருஷமாக அவன் பழக்கிவிட்ட கூட்டம் அல்லவா? "சிரிக்காதீங்க" என்றான். அதுவும் அவன் வழக்கமாகச் சொல்வதுதான், அரங்கே சிரித்தது. நிஜமாகவே அவனுக்கு அழுகை வந்தது. "அழறான் பாரு, என்னமா நடிக்கிறான்!" என்று ஒருவன் தொடையைத் தட்டினான். பெரியவரின் சொந்தக் கட்சிக்காரர்களே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

ரொட்டி, டீ எல்லாவற்றையும் சிரிப்புக்கு நடுவே சொல்லி முடித்தான். இடது கால் கதைக்கு வந்ததும் கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று.

"செஞ்சு காட்டுண்ணே!"

கைதட்டல் தாளமாகக் கிளம்பியது. பீரங்கி அந்த அம்மாளைப் பார்த்தான். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிச்சிடுங்கம்மா என்று சொல்லிவிட்டு இறங்கவேண்டியதுதான் பாக்கி. சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் கைதட்டல் காதில் விழுந்தால் அவன் அவனாக இருக்கமாட்டான். சொக்கிப்போனான். மைக்கை விட்டு விலகி, மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தான். இடது காலை இழுத்து, கையைத் தொடையில் ஊன்றி, ஒரு தோளை இறக்கி, ஆஸ்பத்திரி நடைபாதையில் அவர் திரும்பிப் போனதை அப்படியே நடந்தான். அப்படி ஒரு கைதட்டலை அவன் ஜென்மத்தில் வாங்கியதில்லை.

கீழே இறங்கியபோது படியருகே அந்த அம்மாள் நின்றிருந்தார். பின்னால் "ஒன்ஸ்மோர்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அம்மா, நான் வந்து..."

"'எந்தக் கால்னு நானே சொல்லியும் மாத்தாம வலதையே இழுக்கறான் பாரு, அவனுக்கும் மனசு இருக்கு'ன்னு அவர் சொல்லிக்கிட்டே இருப்பாரு தம்பி," என்றார் அவர், நிதானமாக. "சாகற வரைக்கும் நம்பினாரு. நல்லவேளை, இன்னிக்கு இதைப் பார்க்க அவர் இல்லை."