சொந்தமாக ஒரு இரும்புச் சட்டி

விடுமுறைதோறும் ஆற்றோரம் போய்ச் சமைத்துச் சாப்பிடும் கூட்டத்துக்கு அவளுடைய நாத்தனார் கணவர்தான் தலைவர். அவரை எல்லோரும் காட்டுராஜா என்பார்கள். போன முறை அவர் சமைத்த கோழியை அவள் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தாள். கனலுக்குள் வைத்து, மூடிமேலும் கனலைக் கொட்டிச் சமைக்கும் அந்த வார்ப்பிரும்புச் சட்டி தங்களுக்கும் வேண்டுமென்று கணவனை நச்சரித்தாள்.

"புதுசு எதுக்கு? என் பழசை எடுத்துக்கோங்க. நான் பெருசா வாங்கப்போறேன்" என்றார் காட்டுராஜா.

அவளும் கணவனும் அவர் வீட்டுக்குப் போனார்கள். கார் நிறுத்தும் கொட்டகையில், பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே கிடந்தது சட்டி. அவர் மூடியைத் தூக்கியதும் ஊசிப்போன கொழுப்பின் வாடை முகத்தில் அறைந்தது. அடியில் விரல் தடிமனுக்குச் சாம்பல் நிறத்தில் உறைந்திருந்தது. அதில் முடி. ஓரத்தில் எலிப்புழுக்கை.

பல் மருத்துவமனையில் கருவிகளைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்வது அவள் வேலை. ரத்தமும் சீழும் அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் அவற்றை யாரும் அவள் தட்டில் போட்டதில்லை.

"கழுவவே மாட்டீங்களாண்ணா?"

"கழுவுனா ருசி போயிடும்மா." கொழுப்பை விரலால் வழித்து நாக்கில் தடவிக்கொண்டார். "அன்னைக்கு அள்ளி அள்ளிச் சாப்பிட்டியே, எல்லாம் இதோட மகிமை."

சட்டியைத் தரையில் வைத்தார். நாய் ஓடிவந்து உள்ளே தலையை விட்டு நக்கியது.

"பாத்தியா, நம்ம வீட்டுப் பாத்திரம் தேய்க்கிற ஆளு!"

அவள் கொல்லைக் குழாயடிக்கு ஓடி வாந்தி எடுத்தாள். கணவன் கொட்டகையிலேயே அசட்டுச் சிரிப்புடன் நின்றான். நாத்தனார்தான் துண்டு கொண்டுவந்தாள்.

"நான் அதுல சாப்பிட்டு வருஷக்கணக்காச்சு. ரொட்டியை மட்டும் கடிச்சுட்டு எழுந்துடுவேன்" என்றாள் ரகசியமாக.

"அண்ணி, நீங்கதானே எனக்குப் பரிமாறினீங்க? இன்னும் கொஞ்சம் போட்டுக்கோன்னு வேற சொன்னீங்க!"

"என்ன பண்ணச் சொல்றே? அவர் கோவிச்சுக்குவாரு."

அவளுக்கு மறுபடியும் குமட்டியது. இந்தத் தடவை சட்டியால் அல்ல.

மறுநாளே கடைக்குப் போனார்கள். கணவன் இருப்பதிலேயே பெரியதைக் கட்டிப்பிடித்தான்.

"காலியாவே தூக்க முடியல. நிறைஞ்சா யாரு தூக்குறது?" என்றாள்.

ஒவ்வொரு சட்டிக்குள்ளும் மூக்கை நுழைத்து முகர்ந்தாள். கடைக்காரர் விநோதமாகப் பார்த்தார். கடைசியில் நடுத்தரமான ஒன்றை எடுத்தாள். அடியில் கனல் பரப்ப மூன்று குட்டைக் கால்கள். சாம்பல் உள்ளே விழாதபடி மூடிக்கு உயர்ந்த விளிம்பு. மூடி ஆடாமல் கச்சிதமாக உட்கார்ந்தது.

"இதைக் கழுவலாமா?"

"தாராளமா. கழுவுனதும் ஈரம் போகச் சூடுபண்ணி, லேசா எண்ணெய் தடவி வையுங்க."

"அப்ப அவரு சோம்பேறின்னு சொல்லுங்க" என்று முணுமுணுத்தாள்.

அடுத்த விடுமுறையில், ஆற்றோரத்தில், அவள் சட்டியில் கோழியும் உருளைக்கிழங்கும் வெந்தன. மோப்பம் பிடித்து வந்த காட்டுராஜா, நக்கிய கரண்டியை அப்படியே சட்டிக்குள் நீட்டினார். அவள் வாய் திறப்பதற்குள் கணவன் அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வேணாம் மாமா. தட்டு எடுத்துட்டு வாங்க."

"என்னடா, என் எச்சில் உனக்கு ஆகாதா?"

"ஆகாது மாமா."

அவர் முகம் கறுத்தது. விறுவிறுவென்று தன் சட்டியிடம் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் பக்கம் நாயைத் தவிர யாரும் போகவில்லை. சற்றுப் பொறுத்து நாத்தனார் தட்டோடு வந்து நின்றாள். அவள் அண்ணிக்குப் பரிமாறினாள். முகத்தைப் பார்க்கத்தான் மனம் வரவில்லை.