ஊதிக் காட்டினால்தான் கல்யாணம்

கரும்புச்சாறுக் கடையில் என் கோப்பையை நெர்மினிடம் நீட்டி, ஒரு வாய் குடித்துப் பார் என்றேன். அவள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டாள்.

"ரிஃபாத், முதல்ல நீ போய் ஊதிட்டு வா. அப்புறம்தான் உன் கோப்பை, உன் கல்யாணம் எல்லாம்."

வெளியூர்க்காரர்கள் கேட்டால் போலீஸ் சோதனை என்று நினைப்பார்கள். எகிப்தின் தும்யாத் ஊரில் எங்களுக்குப் புரியும். இங்கே வீட்டுக்கு வீடு இரைப்பைக் கிருமிப் பேச்சுதான். நெர்மின் வெகுநாள் நெஞ்செரிச்சலில் துடித்து, வாய் கசக்கக் கசக்க மாத்திரை தின்று, அப்போதுதான் அதை ஒழித்திருந்தாள்.

"உன்கிட்டேர்ந்து எனக்கு அது திரும்ப வந்துச்சுன்னா, மாத்திரைய முழுங்க மாட்டேன். உன்னத்தான் முழுங்குவேன்."

போனேன். பரிசோதனைக்கூடத்தில் எதையோ குடிக்கக் கொடுத்து, உட்கார வைத்து, ஒரு பைக்குள் ஊதச் சொன்னார்கள். கிருமி இருக்கிறது என்று முடிவு வந்தது.

வீட்டில் சொன்னதும் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என் புள்ள வயித்துல கிருமியா? சொன்னது யாரு, அந்த சுஹைர் பெத்த பொண்ணா? அவ வீட்டுலேர்ந்துதான் உனக்கு ஒட்டியிருக்கும். போகும்போதெல்லாம் தின்னுட்டு வரியே!"

இந்தப் பேச்சு சாயங்காலத்துக்குள் நெர்மினின் அம்மா சுஹைர் காதுக்குப் போய்விட்டது. உடனே தொலைபேசி அடித்தது. ரிஃபாத்தின் தாய் என்ற பொருளில் அம்மாவை எல்லோரும் உம்மு ரிஃபாத் என்றுதான் கூப்பிடுவார்கள். "உம்மு ரிஃபாத், எங்க வீட்டுல பாத்திரம் வெந்நீர்லதான் கழுவுவோம். உங்க வீட்டுல ஒரே கரண்டிய எல்லார் வாயிலயும் விடுறத நான் கண்ணால பாத்தேன்!" அம்மா பதிலுக்குச் சொன்னதை எழுத முடியாது.

கல்யாணம் கிருமியோடு போய்விடும் போலிருந்தது. நெர்மின்தான் எல்லோரையும் இழுத்துக்கொண்டு தன் மருத்துவர் மக்தாவிடம் போனாள். அம்மா, சுஹைர், நெர்மினின் அப்பா ஷவ்கி எல்லோரும் ஊதினார்கள். எல்லோரிடமும் கிருமி. சுஹைரின் முகத்தைப் பார்க்க அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"எது யார்கிட்டேர்ந்து வந்துச்சுன்னு சொல்லவே முடியாது," என்றார் மக்தா. "பெரும்பாலும் சின்ன வயசுல வீட்டுக்குள்ளயே வந்துடும். அம்மா மென்னு ஊட்டினாக்கூட வரலாம்."

"நான் மென்னு ஊட்டித்தான் இவன வளத்தேன். அது குத்தமா?"

"குத்தம் இல்ல ஹாஜியம்மா. உங்களுக்கும் யாரோ ஊட்டியிருப்பாங்க."

"அப்ப இத்தன வருஷமா உடம்பு சும்மாவா இருந்துச்சு? அடிச்சுத் துரத்த வேண்டியதுதானே?" என்றார் ஷவ்கி.

"உடம்பு சண்டை போடத்தான் செய்யும். ஆனா இந்தக் கிருமி கெட்டிக்காரப் பய. உடம்போட காவல்காரனுக்கு டீ வாங்கிக் குடுத்து, தோள்ல கைபோட்டு உக்கார வச்சிடும். அவன் அரைத்தூக்கத்துல இருப்பான். இது ரொம்ப நாள் தங்கி இரைப்பையில அமிலம் குறைஞ்சா, மேலயே சாக வேண்டிய கிருமியெல்லாம் குடலுக்கு இறங்கிடும். அங்க காலங்காலமா குடியிருக்கிற நல்ல நுண்ணுயிருங்க கூட்டமும் மாறிப்போகும்." அவரே இன்னொன்றும் சேர்த்தார். "காவல்காரன் அடங்கியிருக்கிறதால, இந்தக் கிருமி இருக்கிற பிள்ளைங்களுக்கு ஆஸ்துமா கம்மின்னு சில ஆராய்ச்சியில சொல்றாங்க. இன்னும் உறுதியாகல."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கேட்டியா ரிஃபாத்? உனக்கு ஆஸ்துமா வராம காப்பாத்தினது நான்தான்!"

"உனக்கு இரைப்பையில புண்ணு இருக்கும்மா," என்றேன்.

"அது சுஹைர் பேசினதால வந்த புண்ணு."

ஆளுக்கு ஒரு பை மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினோம். இந்த மருந்து நல்லது கெட்டது பார்க்காமல் குடலில் இருப்பவர்களையும் கலைத்துவிடும், கொஞ்ச நாள் வயிறு கலாட்டா செய்யும், நாக்கில் இரும்பு ருசி தட்டும் என்று மக்தா எச்சரித்துத்தான் அனுப்பினார். அந்தக் கலாட்டாவுக்கு நடுவில்தான் குவைத்திலிருந்து என் மாமா ஃபிக்ரி வந்து இறங்கினார். அவர் விடுமுறை முடிவதற்குள் ஃபாத்திஹா ஓதி நிச்சயம் பண்ணியாக வேண்டும்.

சுஹைர் வீட்டில் விருந்து. வெங்காயம் அடைத்த வாத்து, முழுசாகப் பொன்னிறத்தில் மேசைக்கு வந்தது. வாயில் வைத்தேன். பழைய சாவியை நக்கியதுபோல் இருந்தது. எதிரே ஷவ்கியும் சாவியைத்தான் மென்றுகொண்டிருந்தார். மாமா மட்டும் விரலைச் சூப்பினார்.

"வாத்து எப்படி, உம்மு ரிஃபாத்?" என்றாள் சுஹைர்.

"எனக்கு ஒண்ணும் தெரியல. உனக்கு?"

"சத்தியமா எனக்கும் தெரியல. உப்பு போட்டேனான்னே தெரியல."

சாப்பாடு முடிந்து எல்லோரும் ஃபாத்திஹாவுக்குக் கையேந்தினோம். மாமா வாயைத் திறப்பதற்குள் ஷவ்கி எழுந்து கழிவறைக்கு ஓடினார். பெண்ணின் தகப்பன் இல்லாமல் எப்படி ஓதுவது? காத்திருந்தோம். அவர் வந்தார், நான் போனேன். நான் வந்தேன், அம்மா போனாள். அந்த வீட்டில் கழிவறை ஒன்றுதான். மாமா ஏந்திய கையை இறக்காமலே உட்கார்ந்திருந்தார். "இந்தக் குடும்பத்துக்கு என்னடா ஆச்சு? வாத்து கெட்டுப்போச்சா?"

"வாயக் கழுவு! வாத்து நல்ல வாத்து!" என்று கழிவறைக்குள்ளிருந்து அம்மா கத்தினாள்.

சுஹைர் கதவைத் தட்டிக்கொண்டு நின்றாள். "உம்மு ரிஃபாத், புண்ணியமாப் போகும், சீக்கிரம் வா!"

"வரேன்டி, வரேன். என் உயிர் போகுது."

"எனக்கும்தான் போகுது!"

கதவு திறந்தது. வெளுத்த முகத்தோடு இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது அம்மா. சுஹைர் சிரித்துக்கொண்டே, சிரிக்கவும் பயந்துகொண்டே உள்ளே ஓடினாள். அவள் திரும்பி வந்து உட்கார்ந்த கணத்தில், "யாரும் அசையாதீங்க!" என்று அதட்டிவிட்டு மாமா ஒரே மூச்சில் ஓதி முடித்தார். ஆமீன் சொன்ன கையோடு ஷவ்கி மறுபடி ஓடினார். நெர்மின் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

மருந்து முடிந்து ஒரு மாதம் கழித்து எல்லோரும் மறுபடி ஊதினோம். அம்மாவிடம் மட்டும் கிருமி போகவில்லை. வேறு மாத்திரைகளோடு இரண்டாம் சுற்று. இப்போது தினமும் சுஹைர்தான் தயிரும் சோறும் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைக்கிறாள். இரண்டு பேரும் பால்கனியில் இருந்துகொண்டு, ஊரில் இல்லாத சட்டமெல்லாம் போடுகிறாள் என்று நெர்மினைத் திட்டுகிறார்கள். கல்யாணம் அடுத்த மாதம்.