ஆல்டர்கூமில் அணையாத ஏலம்

ஆல்டர்கூம் ஊரில் ஆறு ஏக்கர் புல்வெளியை ஏலம் விடுவதற்காக ஏற்றிய ஓர் அங்குல மெழுகுவர்த்தி ஒன்பது வருடங்களாக அணையவில்லை. அதன் கீழிருந்த மேசை செல்லரித்து இரண்டு முறை மாற்றப்பட்டது; ஏலம் கூறிய பழைய கணக்கர் இறந்து, அவருடைய மருமகன் அந்த நாற்காலிக்கு வந்தான்; மெழுகுவர்த்தி மட்டும் அதே ஓர் அங்குலமாக நின்றது. முதல் வருடம் ஊரார் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். இரண்டாம் வருடம் உருளைக்கிழங்கில் அழுகல் நோய் விழுந்தது. பேச வேறு விஷயம் கிடைத்துவிட்டதால் மெழுகுவர்த்தியை அதன் போக்கில் விட்டுவிட்டார்கள்.

சாமர்செட் பக்கத்தில் ஊர்ப்பொது நிலத்தை ஏழு வருடக் குத்தகைக்கு விடுவது இப்படித்தான். கம்பளிமூட்டை விடுதியின் பின்னறையில் ஓர் அங்குல மெழுகுவர்த்தியை ஏற்றி வைப்பார்கள். சுடர் அணைவதற்கு முன் கடைசியாக யார் விலை கேட்டாரோ, நிலம் அவருக்கு. சுடர் எரியும்வரை இருமக் கூடாது, தும்மக் கூடாது. அதிக விலை கேட்டவர் அறையின் வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அவர் கேட்டது செல்லாது, நிலம் அவருக்கு முந்தைய விலை கேட்டவருக்குப் போய்விடும். ஏலம் முடியும்வரை பழைய குத்தகைக்காரரே நிலத்தை அனுபவிக்கலாம். எழுதிய விதிகள் இவ்வளவுதான். எழுதாத விதி ஒன்று உண்டு: கணவனை இழந்தவள் கேட்ட விலைக்கு மேல் அந்த ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். இந்த மெழுகுவர்த்தியை ஏற்றிய வருடம், பழைய குத்தகைக்காரனான கணவனைப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்த தபித்தா மோல், புல்வெளியும் அதிலுள்ள குடிசையும் போனால் ஏழைகள் விடுதிக்குத்தான் போகவேண்டும் என்பதால், கையிலிருந்த அத்தனையையும் ஒரே மூச்சில் விலையாகக் கேட்டாள். ஜோசையா பிளென்கின் அதைப்போல் இரண்டு மடங்கு கேட்டான். அவன் வெளியூரிலிருந்து வந்த சீஸ் வியாபாரி. எழுதாத விதி அவனுக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் அதற்கு ரசீது எங்கே என்று கேட்டிருப்பான். ஊரில் பாதிப்பேர் அவனுடைய பால்பண்ணையில் வேலை பார்த்ததால் எதிர்த்துக் கேட்க ஆளில்லை. எல்லோரும் சுடரைப் பார்த்தார்கள். அது சின்னதாகி, நீலமாகி, மறுபடி நிமிர்ந்து நின்றது. அப்படியே நிற்கிறது.

ஆக, நிலம் தபித்தாவிடம் இருந்தது, பிளென்கின் அறையில் இருந்தான். கட்டில் வந்தது, சவரக்கத்தி வந்தது. கணக்குப்பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே மழையில் நின்று உத்தரவு வாங்கினார்கள். சீஸ் வியாபாரம் முன்பைவிடக் கொழித்தது. முதலாளி எப்போது வருவார் என்று பயந்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு ஆட்கள் வேலையைப் பார்த்ததே காரணம் என்பார்கள். தபித்தா தினமும் நண்பகலில் வறுத்த வாத்து மணக்க மணக்க வருவாள், தட்டை வாசலுக்கு ஒரு சாண் வெளியே வைப்பாள், இடுப்பில் கைவைத்து நிற்பாள்.

"ஒரே ஒரு எட்டு வையுங்க பிளென்கின் ஐயா. சூடு ஆறிடப் போவுது."

"வைப்பேன் வைப்பேன். அந்தப் பருப்பு இங்க வேகாது, போம்மா."

"வெளியில ஆப்பிள் பூத்திருக்கு. நீங்க பார்த்து எத்தனை வருசம் ஆச்சு?"

"பூவைப் பார்த்தா வயிறு நிறையுமா? தட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு."

தள்ளமாட்டாள். அவன் தூண்டில் கொக்கி ஒன்றை வரவழைத்து, தட்டை உள்ளே இழுக்கக் கற்றுக்கொண்டான். ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட அவள் வராமல் இருந்ததில்லை, ஒரு நாள்கூட அவன் மிச்சம் வைத்ததுமில்லை.

ஒன்பதாம் வருடம் வசந்தத்தில் பிளென்கினுக்குப் பொறுமை தீர்ந்தது. லண்டனுக்கு மனுப் போட்டான். மகாராணியின் அந்த இங்கிலாந்தில், பலூன்களில் தொங்கவிட்ட தண்டவாளங்களின்மேல் ரயில் ஓடிய காலத்தில், அதிசயங்களைச் சோதித்து முத்திரை போடுவதற்கென்று ஓர் அலுவலகம் இருந்தது. எடைக்கற்களுக்கு முத்திரை போடுவதைப்போலத்தான். அங்கிருந்து இரண்டு துப்பறிவாளர்கள் வான்ரயிலில் வந்து, தேவாலயக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஏணி வழியாக இறங்கினார்கள். அம்புரோஸ் டீல் பல்கலைக்கழகத்தில் படித்தவன், எட்டுப் பெட்டி கருவிகளோடு வந்தான். லவினியா குரோல் லண்டன் மீன்சந்தையில் பேரம் பேசுகிறவரின் மகள், ஒரு குடையோடு வந்தாள். பன்னிரண்டு வருட உத்தியோகத்தில் அவள் ஓர் அதிசயத்தையும் உண்மை என்று ஒப்புக்கொண்டதில்லை. வேறோர் ஊரில் பால் கசிந்த தேவாலயச் சுவருக்குப் பின்னால் உடைந்த பால்குழாயைக் காட்டிக்கொடுத்தவள் அவள்தான். அந்த ஊரார் இன்றும் அவளுக்கு நல்ல வார்த்தை சொல்வதில்லை.

வந்த அன்றே தபித்தா அவளை வழிமறித்தாள்.

"சோதனை பண்ணி என்னம்மா செய்வீங்க?"

லவினியா மறைக்கவில்லை. "பித்தலாட்டம்னா நாங்களே அணைச்சிடுவோம். கடைசியா கேட்டவருக்கு நிலம்."

"நெசமான அதிசயம்னா?"

"மெழுகுவர்த்தி அரசுச் சொத்து. லண்டனுக்குத் தூக்கிட்டுப் போயிடுவோம். தூக்கின நிமிசத்துல ஏலம் முடிஞ்சதாக் கணக்கு. அப்பவும் கடைசியா கேட்டவருக்குத்தான்."

தபித்தா தன் மாட்டின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். "அப்போ தலை விழுந்தாலும் அவருக்கு, பூ விழுந்தாலும் அவருக்கு. இதுக்கு எதுக்கும்மா காசைச் சுண்டுறீங்க?" என்று கேட்டுவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

 லவினியா வழக்கம்போல் வேலையைப் பார்த்தாள். அம்புரோஸ் மெழுகுவர்த்தியை நிறுத்தான், கண்ணாடிக் குடுவையால் மூடிக் காற்றை உறிஞ்சினான், காற்றில்லாமலும் எரிந்தது. வாளித் தண்ணீரில் அமுக்கினான். அடியில் கிடந்து எரிந்தது. அந்தத் தண்ணீரில் விடுதிக்காரர் முகம் கழுவிக்கொண்டார். லவினியா மெழுகுவர்த்தியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாருக்கு லாபமோ அங்கே தேடு என்பது மீன்சந்தைப் பாடம். லாபம் தபித்தாவுக்கு. அவள் குடிசையையும் கூடையையும் வாத்துகளின் கொட்டிலையும்கூடத் துழாவினாள். கொழுப்பும் இல்லை, திரியும் இல்லை. தபித்தா கொட்டில் வாசலில் நின்று சிரித்தாள். "எனக்கு அந்த வித்தை தெரிஞ்சிருந்தா வெறும் ஏலத்தோட நிறுத்தியிருப்பேனா? புருசனையும்ல நிறுத்தி வச்சிருப்பேன்" என்றாள்.

ஒரு வார முடிவில் லவினியாவுக்கு உறுதியாகிவிட்டது. அந்தச் சுடர் உண்மை. இறால் கூடையில் திமிங்கலத்தைக் கண்ட மீன்காரியைப்போல் அவள் உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு வருடமாக ஊர் ஊராகப் போய், உங்களிடம் இருப்பது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தவள். முதல்முறையாக ஒன்று இருக்கிறது. அதைப் பெட்டியில் போட்டு லண்டன் நிலவறையில் இருட்டில் வைக்கவேண்டும், ஒருத்தியைத் தெருவில் விடவேண்டும். அவள் இரக்கப்பட்டாள் என்று சிலர் சொல்வார்கள். அவளைக் கேட்டால் அப்படிச் சொல்லமாட்டாள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒருவனுக்கே நிறுக்கிற தராசைக் கண்டால் எட்டி உதைக்கவேண்டும் என்று அவளுடைய அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார், அவ்வளவுதான் என்பாள்.

மறுநாள் காலை அம்புரோஸ் சான்றிதழ் எழுதப் பேனாவைத் தொட்டபோது அவள் மேசை முன் உட்கார்ந்து, "ஆறு பென்ஸ் கூட" என்றாள்.

கணக்கர் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினான். அவன் அந்த நாற்காலிக்கு வந்தபிறகு ஒருவரும் விலை கேட்டதில்லை. "என்னங்க சொன்னீங்க?"

"பிளென்கின் கேட்டதுக்கு மேல ஆறு பென்ஸ். சுடர் எரியுது இல்ல? ஏலம் நடக்குது இல்ல? எழுதிக்கோ."

"மிஸ் குரோல்!" அம்புரோஸின் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. "சோதனைக்கு வந்த பொருள்ல நமக்கு எந்த ஆதாயமும் இருக்கக் கூடாது. வேலை போயிடும்."

"போயிடுச்சுன்னு எழுதிடுங்க டீல். இனிமே நீங்க ஒருத்தரே துப்பறிவாளர். பித்தலாட்டம்னு எழுதினாலும் கடைசியா கேட்டது நான்தான், அதிசயம்னு எழுதினாலும் நான்தான். நிலம் எனக்கு வந்தா யாருக்குக் குத்தகை விடுவேன்னு உங்களுக்கே தெரியும்."

பிளென்கின் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து வாயைத் திறந்தான். எதிர்விலை வரப்போகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவன் கண் வாசலில் நின்றது. ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அவனுக்கு மேல் ஒருவர் கேட்டிருக்கிறார். அவன் எங்கே வேண்டுமானாலும் போகலாம். தொப்பியைத் தேடி எடுத்தான், தூசி தட்டினான், வெளியே போனான்.

அம்புரோஸ் அந்தப் பகலிலேயே கடமையைச் செய்தான். இரண்டு விரலால் திரியைக் கிள்ளினான். சுடர் அவன் விரல்நுனியில் ஏறிக்கொண்டு வந்தது. சுடவில்லை. அதைப் பழைய இடத்திலேயே வைத்தான், அதிசயம் என்று எழுதினான், வான்ரயில் ஏறினான். அடுத்த மாதம் அரசு ஆட்கள் இரும்புப் பெட்டியோடு வந்து, மெழுகுவர்த்தியை அது செருகியிருந்த விளக்குத்தண்டோடு தூக்கினார்கள். மெழுகுவர்த்தி போயிற்று. சுடர் மேசைக்கு ஒரு முழம் மேலே, இருந்த இடத்திலேயே நின்றது. ஆட்கள் கணக்கரைப் பார்த்தார்கள். கணக்கர் சுடரைப் பார்த்து, இன்னும் எரிகிறது, எனவே ஏலம் முடியவில்லை என்றான். அவர்களுக்கு இட்ட உத்தரவில் மெழுகுவர்த்தி என்றுதான் இருந்தது. அது பெட்டிக்குள் பத்திரமாக இருந்ததால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். அது இப்போதும் லண்டனில், எரியாமல், முத்திரையோடு இருக்கிறதாம்.

லவினியா அறையில் தங்கிவிட்டாள். அவள் வாசலைத் தாண்டினால் நிலம் பிளென்கினுக்குப் போய்விடும். சந்தேகமான அதிசயங்களை மக்கள் ஜன்னலுக்குக் கொண்டுவந்தார்கள். அவள் முகர்ந்து பார்த்து, கோந்து என்றோ பாஸ்பரஸ் என்றோ சொல்லி அனுப்பினாள். பிளென்கின் தன் புல்வெளிக் கனவை நேரில் பார்க்கப் போனவன், தபித்தாவின் வாத்துகளிடம் கடிவாங்கிக்கொண்டு திரும்பினான். பெரிய வீட்டில் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. பேச்சுக் கொடுத்தால் திருப்பிப் பேச அங்கே ஆளில்லை. ஒரு வாரம் பல்லைக் கடித்துப் பார்த்துவிட்டுப் பின்னறைக்கு வந்து, "இன்னொரு ஆறு பென்ஸ்" என்றான்.

"அதுக்கும் மேல ஆறு பென்ஸ்" என்றாள் லவினியா, தலை நிமிராமல்.

"யோசிக்கவே மாட்டியா?"

"மீன்காரி மகள். யோசிச்சா மீன் நாறிடும்."

அதற்குப்பின் அது தினசரி வழக்கமாயிற்று. அவன் கேட்பான், அவள் உடனே மேலே கேட்பாள், அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு காற்று வாங்கப் போவான். அவள் ஒருபோதும் அவன் விலையை நிற்கவிடவில்லை, அதனால் ஒருபோதும் வெளியே போகவுமில்லை. இப்படி ஆறு வருடம் போயிற்று.

ஏழாம் வருடம் மார்ச்சில் அவளுடைய அப்பா இறந்ததாகத் தந்தி வந்தது. அவள் தந்தியை மடித்து வைத்தாள். பிளென்கின் அன்று வழக்கம்போல் கேட்டான். அவள் மேலே கேட்கவில்லை. கணக்கர் எழுதுகோலைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தான். அவள் குடையை எடுத்தாள்.

"இன்னும் மூணு நாள்ல வந்துடுவேன்" என்றாள் பிளென்கினிடம்.

"அதுக்குள்ள அணைஞ்சிட்டா?"

"அணைஞ்சா உனக்கு" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினாள்.

செய்தி கேட்டுத் தபித்தா ஓடிவந்தாள். அவளுக்கு வயது ஏறியிருந்தது, மூச்சு வாங்கியது. "பதினஞ்சு வருசம் காத்ததை ஒரு சாவுக்காக உன் கையில குடுத்துட்டுப் போயிட்டாளே!" என்று பிளென்கினை ஏசினாள், லவினியாவையும், சுடரையும், கணக்கரையும் ஏசினாள். பிறகு கதவோரம் முக்காலி போட்டு, அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் செய்தித்தாள் படித்தான். இரண்டாம் நாள் பிற்பகலில் மார்ச் மாதக் காற்று ஜன்னலைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. அலமாரியிலிருந்த வெண்கலக் கோப்பைகள் உருண்டன, கணக்கரின் தொப்பி அடுப்பில் போய் விழுந்தது, சுடர் ஒரு பக்கமாகப் படுத்து, சின்னதாகி, நீலமானது.

பிளென்கின் செய்தித்தாளை விட்டெறிந்துவிட்டு மேசைக்குப் பாய்ந்தான். இரண்டு கைகளையும் குவித்துச் சுடரைச் சுற்றிப் பிடித்தான். தண்ணீருக்குள் எரிந்த சுடர் அது, காற்றில்லாத குடுவைக்குள் எரிந்த சுடர். அது அவனுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் பிடித்தான், மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு. "ஜன்னலைச் சாத்தேம்மா, என்ன பார்த்துட்டே உக்காந்திருக்க!" என்று கத்தினான். தபித்தா எழுந்து போய்ச் சாத்தினாள். திரும்பி வந்தபிறகும் அவன் கையை எடுக்கவில்லை. அவள் முக்காலியைக் கதவோரத்திலிருந்து மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாள் லவினியா ஏணியில் இறங்கி வந்து, குடையை மூலையில் வைத்து, ஆறு பென்ஸ் கூட என்றாள். பிளென்கின் தொப்பியை எடுத்துக்கொண்டு காற்று வாங்கப் போனான். அதன்பின் ஞாயிறு விட்டு ஞாயிறு பிளென்கினின் விலை மாலைவரை நிற்கும், லவினியா ஆற்றங்கரைவரை நடந்துவிட்டு வருவாள். ஆறு பென்ஸ் ஆறு பென்ஸாக ஏறி, அந்தப் புல்வெளியின் விலை இப்போது அதைச் சுற்றியுள்ள ஏழு ஊர்களின் விலையைத் தாண்டியிருக்கிறது. அவ்வளவு பணம் இரண்டு பேரிடமும் கிடையாது, அதனால் யாருக்கும் கவலையில்லை. ஜூனில் புல் அறுக்கிறார்கள். மேசையைத் துடைக்கிற விடுதிப் பெண் சுடருக்குக் கீழே மட்டும் கொஞ்சம் குனிந்து துடைக்கிறாள், தலைமயிர் கருகாது என்று தெரிந்தும்.