பாக்கெட்டில் கை வைக்காதவள்

என் சலவைக்கடையில் ஒரு பிக்பாக்கெட்டை வேலைக்கு வைக்கப் போகிறேன் என்றதும், "உனக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா?" என்றார் என் புருஷன். பிசகவில்லை. சீர்திருத்த இல்லத்திலிருந்து வருகிற பெண் குறைந்த சம்பளத்துக்குக் கிடைப்பாள். தர்மம் கிர்மம் எல்லாம் அப்புறம்.

இல்லத்தில் அவளுக்குச் சுண்டெலி என்று பேர். எந்த நெரிசலிலும் நுழைந்து வருகிற ஒல்லிக் கை. பஸ்ஸில் இவள் அடித்த பர்ஸை வாங்கிக்கொண்டு பறக்க, சிவப்பு ஹெல்மெட் போட்ட ஒருத்தன் ஸ்கூட்டரில் காத்திருப்பானாம். ஒருநாள் இவள் மாட்டினாள், அவன் கம்பி நீட்டிவிட்டான். "உனக்குப் பதினெட்டு முடிஞ்சிடுச்சு. இனிமே மாட்டினா நேரா ஜெயில்தான்" என்று இல்லத்து அதிகாரியம்மா என் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனார்.

வேலையில் குறை சொல்ல முடியாது. இஸ்திரி போட்டால் சட்டை தானாக நிற்கும். வம்பு ஒன்றே ஒன்றுதான். துணியை மிஷினில் போடுமுன் பாக்கெட்டைத் துழாவ வேண்டும் அல்லவா? முடியாது என்றுவிட்டாள்.

"அடுத்தவங்க பாக்கெட்டுல இனி கை விட மாட்டேன்க்கா. வேற எது வேணா சொல்லுங்க, செய்றேன்."

சமைக்க வந்தவள் அடுப்பைத் தொடமாட்டேன் என்றால் எப்படி? எல்லாப் பாக்கெட்டையும் நானே பார்க்க முடியுமா? முதல் வாரமே ஒரு பேனா மை கக்கி வெள்ளைச் சட்டைகள் எல்லாம் நீலமாகின. அடுத்த வாரம் சில்லறை போய்ப் பம்பில் சிக்கி மிஷின் படுத்துக்கொண்டது. எனக்கு வயிறு எரிந்தது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. துணி கொண்டுவருகிறவர்கள் காதில் மெல்லப் போட்டுவைத்தேன்: "பாக்கெட்டை நல்லாப் பார்த்துட்டுக் குடுங்க. நம்ம பொண்ணு பழைய கை."

அவ்வளவுதான். ஊரே பாக்கெட்டை உதறிக் கொடுக்க ஆரம்பித்தது. கணக்கு வாத்தியார் வீட்டுக் கால்சட்டைகள் பாக்கெட்டெல்லாம் வெளியே தொங்க, நாக்கைத் துருத்திக்கொண்டு வந்தன. மிஷினுக்கு அப்புறம் ஒரு தலைவலி காய்ச்சல் கிடையாது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆனால் வாத்தியாருக்கு வாய் சும்மா இருக்குமா? ஒருநாள் நான் உள்ளே மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவளிடமே சொல்லித் தொலைத்துவிட்டார். "எல்லாத்தையும் எடுத்துட்டேன்மா. உன் பழைய கதையைச் சொல்லி, உஷாரா இருங்கன்னு உங்கக்காதான் சொன்னாங்க."

நான் வெளியே வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். இவள் பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

"ஊர்ல எவன் திருடின்னாலும் எனக்கு உறைக்காதுக்கா. நீங்களா சொன்னீங்க?"

"மிஷினுக்காகச் சொன்னேன்டி! பம்பு என்ன விலை தெரியுமா?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பிரயோஜனம்? அவள் படியிறங்கிவிட்டாள். தெருவின் எதிர்ப்பக்கம் சிவப்பு ஹெல்மெட் நின்றிருந்தான். கொஞ்ச நாளாகவே அந்தப் பக்கம் வட்டம் போட்டுக்கொண்டிருந்தவன்தான். நேராக அவனிடம் போனாள். நடந்ததைச் சொல்லியிருப்பாள் போல. அவன் குரல் எனக்கே கேட்டது.

"எடுத்தாலும் திருடி, எடுக்கலைன்னாலும் திருடி. எடுத்துட்டாவது அந்தப் பேரை வாங்கேன். ஏறு!"

படுபாவி, நியாயமாகப் பேசுகிறானே! அவள் ஏறினால் போகிற இடம் ஜெயில். ஏற்றிவிட்டவள் நான். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுக்கலாம்தான், ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு?

ஸ்கூட்டர் சீட்டில் கை வைத்தபடி வெகுநேரம் நின்றாள். அவன் ஹாரனை அடித்தான். அவள் கையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து கடைவாசலில் நின்றாள்.

"அவன் பேச்சைக் கேட்டு ஒரு தடவை உள்ள போனேன். உங்க பேச்சால இன்னொரு தடவை போகணுமா? போங்கடா நீங்களும் உங்க பேச்சும்!"

அந்த 'போங்கடா'வில் நானும் அடக்கம். வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். என் வீட்டில் சொன்னால் நம்பமாட்டார்கள். அவள் பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு இஸ்திரி மேஜைக்குப் போனாள்.

அடுத்த தடவை வாத்தியார் வந்து பாக்கெட்டை இழுக்க ஆரம்பித்ததும் கையைக் காட்டித் தடுத்தேன். "விடுங்க சார். அவ கை சுத்தம். நான்தான் அன்னிக்கு வாய்க்கொழுப்புல உளறிட்டேன்."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், துணிக்குவியலை அப்படியே தள்ளிவிட்டார். மேலே கிடந்த கால்சட்டையின் பாக்கெட் புடைத்திருந்தது. நான் கை நீட்டுமுன் அவள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கையை உள்ளே விட்டு ஒரு பர்ஸை எடுத்து வாத்தியாரிடம் நீட்டினாள்.

"அட, இதைத்தானே காலையிலேர்ந்து தேடிட்டிருக்கேன்!" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, துணி எப்போது கிடைக்கும் என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

அவள் நீட்டிய கையை மடக்காமல் நின்றாள்.

"அக்கா... அவர் திறந்துகூடப் பார்க்கலக்கா."

வேர்வையைத் துடைப்பதுபோல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதைக் காட்டிக்கொண்டால் நான் முதலாளியா?

"ஆமாண்டி, பார்க்கல. அதுக்கு நின்னு அழுதா வேலை யார் செய்றது? கூடை நிறையக் கால்சட்டை கிடக்கு பாரு. கையை விடு!"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த பாக்கெட்டில் கையை விட்டாள்.